பழைய டிரம்மில் ஒரு ஸ்மோக்கர்: காற்றைப் பிடித்தால் புகை வசத்துக்கு வரும்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, அருமனை என்று ரப்பர் ஊர்களில் வளர்ந்தவர்களுக்குப் புகைபோடுவதைப் பற்றி அரிச்சுவடியிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. ஷீட் புகைப்புரையைப் பார்த்தே வளர்ந்திருப்பார்கள். அடியிலோ வெளியிலோ ஒரு அடுப்பு. உள்ளே வரிசையாகக் கம்புகள், அதில் தொங்கும் ரப்பர் ஷீட்டுகள். மேலே புகை வெளியேற வழி. நெருப்பு ஷீட்டைத் தொடவே தொடாது. சூடான காற்றும் புகையும்தான் தொடும். தொடக்கத்தில் 40, 45 டிகிரி. ஈரம் போகப் போக மெல்ல ஏற்றி 60 டிகிரி வரை கொண்டுபோவார்கள். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் ஷீட்டில் குமிழி விழும், தரம் இறங்கும், விலையும் இறங்கும். புகையில் இருக்கும் பீனால் வகைப் பொருள்கள் ஷீட்டில் பூஞ்சை பிடிக்காமல் காக்கும்.

இறைச்சியை மணிக்கணக்கில் புகையில் வேகவைக்கும் ஸ்மோக்கரும் இதே யோசனைதான். அளவு சின்னது, சூடு கூடுதல், தொங்குவது பன்றித் தொடையோ முழுக்கோழியோ. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இது பெரிய சமையல் மரபு. டெக்சாஸில் மாட்டின் நெஞ்சுப் பகுதியை ஓக் விறகில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வைப்பார்கள். கரோலினாப் பக்கம் பன்றி. அங்கேயும் வசதியில்லாதவர்கள் பழைய எண்ணெய் டிரம்மில் ஓட்டை போட்டுத்தான் தொடங்கினார்கள். பிறகு அதற்கு 'அக்லி டிரம் ஸ்மோக்கர்' என்று செல்லப்பெயரும் வந்துவிட்டது. நாம் செய்யப்போவது அதைத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'அப்படியானால் வீட்டுப் புகைப்புரையிலேயே ஒரு கோழியைத் தொங்கவிட்டால் என்ன?' என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வேண்டாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் இறைச்சியில் கிருமிகள் பெருகும். புகைப்புரையின் சூடு முழுக்க அந்த எல்லைக்குள்ளேயே கிடக்கிறது. சுவரில் வருடக்கணக்காகப் படிந்த ரப்பர்ப் பிசின் வேறு.

சுடுவது வேறு, புகைபோடுவது வேறு

கம்பியில் கோத்து, கனல்மேல் வைத்து, திருப்பித் திருப்பிச் சுடுவதை எல்லோரும் செய்திருப்போம். அங்கே சூடு 200 டிகிரிக்கு மேல், நேராகக் கீழேயிருந்து அடிக்கும். இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கோழிக்கால், மீன், மெல்லிய துண்டு என்று சீக்கிரம் வேகிற எதற்கும் அது சரி.

ஸ்மோக்கரில் சூடு 105 முதல் 135 டிகிரிக்குள் நிற்க வேண்டும். அதுவும் சுற்றிவர, சமமாக. இவ்வளவு மெதுவாக வேகவைக்க ஒரு காரணம் உண்டு. அதிகம் உழைத்த தசைகள், அதாவது தோள், தொடை, நெஞ்சு, இவற்றில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் நிறைய இருக்கும். கடைக்காரர் விலை குறைத்துத் தருவதும், குக்கரில் எட்டு விசில் விட்டாலும் மெல்ல முடியாமல் நிற்பதும் இந்தத் துண்டுகள்தான். இறைச்சியின் உட்சூடு 70 டிகிரியைத் தாண்டிய பிறகு கொலாஜன் கொஞ்சம் கொஞ்சமாக இளகி ஜெலட்டினாக மாறும். அதற்கு நேரம் வேண்டும். சூட்டை இரட்டிப்பாக்கி நேரத்தைப் பாதியாக்க முடியாது. வெளியே கருகி உள்ளே நாராக இருப்பதுதான் கிடைக்கும். பொறுமையாக விட்டால் 90, 95 டிகிரி உட்சூட்டில் அதே துண்டு கையால் பிய்த்தாலே பிரிந்து வரும்.

கோழிக்கு இந்தக் கொலாஜன் கதை அவ்வளவாகப் பொருந்தாது. கோழியை ஸ்மோக்கரில் வைப்பது முழுக்க மணத்துக்காக.

புகை மணம் நமக்கு ஒன்றும் புதிதில்லை. சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, காயவைத்துத்தான் மாசி செய்கிறார்கள். மீன்குழம்பில் போடும் கொடம்புளியின் கறுப்பும் மணமும் அடுப்புப் பரணில் புகைபட்டு வந்தவை. நாக்கு ஏற்கெனவே பழகிய சுவையைக் கொஞ்சம் பெரிய துண்டில் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான்.

நல்ல புகையும் கெட்ட புகையும்

புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது. புகை அதிகமானால் மணம் அதிகமாகும் என்று நினைத்து, டிரம்மிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புகை கிளம்புவதைப் பார்த்து சந்தோஷப்படுவார்கள். படம் பிடித்து வாட்சப்பில் போட அது நன்றாகத்தான் இருக்கும். சாப்பிடும்போது நாக்கில் தார் தடவிய மாதிரி கசக்கும்.

விறகில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. அது போதுமான சூட்டில் சிதையும்போது குவாயக்கால், சிரிங்கால் போன்ற வாசனைப் பொருள்கள் வெளிவரும். நாம் 'புகை மணம்' என்று சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். நெருப்புக்கு மூச்சு தாராளமாகக் கிடைத்தால் விறகு ஏறக்குறைய முழுதாக எரிந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலப்புகை வரும். அதுதான் வேண்டியது. காற்று போதாமல் நெருப்பு திணறினால், அல்லது விறகில் ஈரம் இருந்தால், பாதி எரிந்த பொருள்கள் கரிப்பிசினாகத் திரண்டு கெட்டியான வெள்ளைப் புகையோடு இறைச்சியில் போய் ஒட்டும். கசப்பு அதிலிருந்து வருகிறது.

அதனால் ஸ்மோக்கர் கட்டுவது என்பது பெரும்பாலும் காற்றுக்கு வழி செய்கிற வேலை. கீழே காற்று நுழைய அடைத்துத் திறக்கும் துளைகள். மேலே எப்போதும் திறந்திருக்கும் ஒரு வழி. கீழ்த்துளையைச் சுருக்கினால் நெருப்பு அடங்கும், விரித்தால் எழும். மேல்வழியை அடைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்த நினைத்தால் பழைய புகை உள்ளேயே சுற்றி இறைச்சியில் கரியாகப் படியும். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தச்சு வேலை, வெல்டிங் வேலை.

எரிப்பது எதை, வாசனைக்கு எதை?

டிரம் ஸ்மோக்கரில் சூடு கரியிலிருந்து, மணம் விறகுத் துண்டிலிருந்து. இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

சூட்டுக்கு நம் ஊரில் சிரட்டைக்கரியை (கொட்டாங்குச்சிக் கரி) மிஞ்ச ஒன்றும் இல்லை. இஸ்திரிக் கடைக்காரரிடம் கேட்டால் எங்கே மூட்டையாகக் கிடைக்கும் என்று சொல்லிவிடுவார். நின்று எரியும், புகை குறைவு, சூடு சீராக வரும். பச்சைச் சிரட்டையை அப்படியே போடாதீர்கள். அதிலுள்ள எண்ணெய்ப்பசை குபுகுபுவென்று பிடித்துக் கறுத்த புகை விடும். தொண்டு, அதாவது தேங்காய் மட்டை, கொசு விரட்டத்தான் லாயக்கு. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வரும் சீமைக்கருவேலக் கரியும் நல்லது. டெக்சாஸ்காரர்கள் பெருமையாகச் சொல்லும் மெஸ்கீட் மரமும் நம் சீமைக்கருவேலமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நாம் சபிக்கிற மரத்தை அங்கே காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

மணத்துக்கு மா, பலா, கொய்யா, புளி. நன்றாகக் காய்ந்த, கைமுட்டி அளவுத் துண்டுகள் நான்கைந்து போதும். எனக்குப் பிடித்தது கொய்யா. மென்மையாக இருக்கும், கோழிக்கும் மீனுக்கும் ஒத்துப்போகும். புளி விறகு கொஞ்சம் முரட்டு மணம், பன்றிக்குச் சரி. மாறாமலை, கீரிப்பாறைப் பக்கம் கிராம்புத் தோட்டக்காரர்கள் தெரிந்திருந்தால் கவாத்து செய்த காய்ந்த குச்சி ஒன்றிரண்டு வாங்கி முயன்று பார்க்கலாம். ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். விறகுத் துண்டைத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. விறகுக்குள் தண்ணீர் அவ்வளவாக இறங்காது. மேற்புறம் நனைந்து ஆவியாகிப் போகும்வரை நெருப்பு தணியும், அந்த வெள்ளைப் புகைதான் வரும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் விறகை நனைப்பதா பிரச்சினை? காயவைப்பதுதான். கூரைக்கடியில், தரையில் படாமல், காற்றோட்டமாக அடுக்கி சில மாதங்கள் விட்டால் சரியாகும். இரண்டு துண்டைத் தட்டினால் 'டொக்'கென்று மந்தமாகக் கேட்காமல் 'டங்'கென்று தெறித்துக் கேட்க வேண்டும்.

வேண்டாதவை இன்னும் முக்கியம். முந்திரி உடைக்கும் அண்டி ஆபீஸ்களில் மலிவாகக் கிடைக்கும் முந்திரித் தோட்டைக் கிட்டவே சேர்க்காதீர்கள். அதிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும் வகை. எரித்தால் அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் பிடுங்கும், அதை உணவில் ஏற்றுவது கேடு. அரளி, எட்டி இரண்டும் நஞ்சு. குச்சியைக் கம்பியாகக்கூடப் பயன்படுத்தக் கூடாது. மரக்கடைப் பலகைத் துண்டு, பிளைவுட், பெயின்ட் அடித்த மரம் எல்லாம் ஒதுக்க வேண்டியவை. ரப்பர் மரத்தில் செய்த பலகை பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தில் ஊறவைத்தது, அதுவும் ஆகாது. வீட்டில் அடுப்பெரிக்கும் ரப்பர் விறகைக்கூட, பட்டையில் பால் காய்ந்து ஒட்டியிருந்தால் ஸ்மோக்கரில் போட வேண்டாம்.

பற்றவைப்பதில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். நம் வீடுகளில் அடுப்பு பிடிக்கவில்லையென்றால் ஒரு துண்டு ஒட்டுப்பால் (ஒட்டிக் காய்ந்த ரப்பர்ப்பால்) எடுத்துக் கொளுத்திப் போடுவோம். அந்தக் கறுத்த புகையும் நாற்றமும் டிரம்முக்குள் போனால் இறைச்சி டயர் மணக்கும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். காய்ந்த கொதும்பு, தென்னோலை, ஒரு பழைய செய்தித்தாள் போதும்.

டிரம்

200 லிட்டர் இரும்பு டிரம் சுமார் 58 செ.மீ. விட்டமும் 88 செ.மீ. உயரமும் இருக்கும். வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு கடை பாருங்கள். சமையல் எண்ணெய், பழச்சாறு மாதிரி சாப்பிடும் பொருள் இருந்த டிரம்தான் வேண்டும். எஸ்டேட்டுகளில் மருந்து தெளிக்கும் எண்ணெய் வந்த டிரம்கள் மலிவாகக் கிடைக்கும். அவை வேண்டாம். தார், தின்னர், பூச்சிமருந்து டிரம்களும் வேண்டாம். கிளாம்ப் போட்டுக் கழற்றும் மூடியோடு வருவது கிடைத்தால் நல்லது. மேற்பக்கம் மூடப்பட்ட டிரம்மை வெட்டவேண்டி வந்தால், உள்ளே எரியும் திரவம் இருந்திருக்க வாய்ப்பிருந்தால், கிரைண்டரோ காஸ் கட்டரோ வைக்கும் முன் நிறுத்தி யோசியுங்கள். காலி டிரம்மில் தங்கியிருக்கும் ஆவி ஒரு தீப்பொறியில் வெடிக்கும். வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு இது தெரியும்; நமக்குத்தான் தெரியாது.

உள்ளே பெரும்பாலும் பூச்சு இருக்கும். அதைப் போக்க, ஆள்நடமாட்டம் இல்லாத திறந்த இடத்தில் டிரம்முக்குள் விறகைப் போட்டு நன்றாக எரியவிட வேண்டும். துளைகள் போட்ட பிறகு இதைச் செய்தால் காற்று கிடைத்து நன்றாகப் பிடிக்கும். அந்தப் புகை மோசமானது, தள்ளி நில்லுங்கள். ஆறியதும் கம்பிப் பிரஷால் தேய்த்தால் பூச்சு முழுக்கப் போய் வெறும் இரும்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னொரு முறை.

கீழிருந்து 5 செ.மீ. உயரத்தில், சுற்றிலும் சம இடைவெளியில் மூன்று துளைகள்; ஒவ்வொன்றும் ஓர் அங்குலம். அவற்றில் கையளவு இரும்புக் குழாய்த் துண்டுகளை வைத்து, இரண்டுக்கு மரை மூடியும் ஒன்றுக்குத் திருகித் திறக்கும் பால் வால்வும் (ball valve) போடலாம். அந்த வால்வுதான் பிறகு உங்கள் கை ஓயாமல் தொடப்போகிற இடம். மூடியில் 2 அங்குலத் துளை ஒன்று, அதன்மேல் ஒரு சின்னக் குழாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மூன்று ஓரங்குலத் துளைகளின் பரப்பு சுமார் 15 சதுர செ.மீ.; மேலே உள்ள ஒன்றின் பரப்பு 20. வெளியேறும் வழி நுழையும் வழியைவிடக் குறுகக் கூடாது, அவ்வளவுதான் விதி.

வெல்டிங் கடையில் டிரம்மை இறக்கியதும், "இது என்னத்துக்காக்கும் அண்ணே, தண்ணி புடிக்கவா? ஓட்டை போடச் சொல்லுதீங்களே?" என்றுதான் கேட்பார்கள். கோழி என்று சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும். சில சமயம் கூலியில் பாதி கோழியாகப் போகும்.

உள்ளே மூன்று அடுக்கு. அடியில் கரிக்கூடை: துளையுள்ள இரும்பு வலையை 38 செ.மீ. விட்டத்தில் வளைத்து, 22 செ.மீ. உயரமாக, நான்கு போல்ட்டுக் கால்களில் 7, 8 செ.மீ. தூக்கி நிறுத்த வேண்டும். சாம்பல் கீழே விழ இடம் இருந்தால்தான் கரிக்கு அடியிலிருந்து மூச்சு கிடைக்கும். நடுவே ஒரு தட்டு: டிரம்மைவிட விட்டம் குறைந்த பழைய எவர்சில்வர் தாம்பாளம். அதில் பாதிக்குத் தண்ணீர். கனலின் சூடு நேராக இறைச்சியில் அடிக்காமல் இது மறைக்கும். உருகி விழும் கொழுப்பையும் பிடித்துக்கொள்ளும். கொழுப்பு நெருப்பில் சொட்டினால் எழும் புகையில்தான் புற்றுநோயோடு தொடர்புடைய பென்சோபைரீன் போன்ற பொருள்கள் உருவாகின்றன. அதனால் தட்டை வைக்காமல் விடாதீர்கள். அதற்கு மேல், டிரம் விளிம்பிலிருந்து 16 செ.மீ. கீழே, நான்கு போல்ட்டுகள்மேல் இறைச்சி வைக்கும் வலை.

வலையும் போல்ட்டும் எவர்சில்வர் என்றால் நிம்மதி. இல்லாவிட்டால் வெறும் இரும்பு. வெள்ளைப் பூச்சுள்ள ஜிஐ வலை வேண்டாம். அது துத்தநாகப் பூச்சு. கனல் பட்டு அதிகம் சூடேறினால் அதிலிருந்து வரும் புகை காய்ச்சலும் நடுக்கமும் உண்டாக்கும்.

இறைச்சி வலை இருக்கும் உயரத்தில் ஒரு டயல் தெர்மாமீட்டர். அதன் ஊசி பத்து செ.மீ.யாவது உள்ளே நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிரம் சுவரின் சூட்டைத்தான் காட்டும். இறைச்சிக்குள் குத்திப் பார்க்க டிஜிட்டல் தெர்மாமீட்டர் தனி. மற்றதில் சிக்கனம் பாருங்கள், இதில் வேண்டாம். வாங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். நாகர்கோவில், குளச்சல் மாதிரி கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் 100 டிகிரி காட்ட வேண்டும். 94 காட்டினால் அந்த ஆறு டிகிரியை எப்போதும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெளிப்புறத்துக்குச் சூடு தாங்கும் பெயின்ட். உள்ளே பெயின்ட் கிடையாது. சூரியகாந்தி எண்ணெயோ கடலை எண்ணெயோ மெல்லியதாகத் தடவி, இறைச்சி வைக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் 130 டிகிரியில் ஓட்டினால் ஒரு கறுத்த படலம் படியும், துரு பிடிக்காது. நம் வீட்டில் கைக்குக் கிடைப்பது தேங்காய் எண்ணெய்தான் என்றாலும் அது இரும்பில் காய்ந்து கெட்டிப் படலமாக ஆகாது, பிசுபிசுவென்றே நிற்கும். அந்தக் காலி ஓட்டத்திலேயே வால்வை எவ்வளவு திருகினால் சூடு எங்கே நிற்கிறது என்று பழகிக்கொள்ளலாம்.

நெருப்பு நடத்துவது

கூடை நிறையக் கரியைப் போட்டு மொத்தமாகப் பற்றவைக்கக் கூடாது. பற்றாத கரி 3, 4 கிலோவைக் கூடையில் நிரப்பி, இடையிடையே விறகுத் துண்டுகளைப் புதைத்து, தனியாகச் சட்டியில் கனலாக்கிய கொஞ்சம் கரியை மேலே நடுவில் வையுங்கள். நெருப்பு மேலிருந்து கீழும் பக்கவாட்டிலும் மெதுவாகப் பரவும். ஐந்தாறு மணி நேரம் கரி சேர்க்காமலே ஓடும்.

மூன்று துளைகளையும் திறந்து வைத்துத் தொடங்குங்கள். தெர்மாமீட்டர் 90ஐத் தொட்டதும் ஒன்றை மூடிவிட வேண்டும், 105ல் இரண்டாவதை. 120 வந்த பிறகு மூட ஆரம்பித்தால் அது 160க்குப் போய்த்தான் நிற்கும். சூட்டை ஏற்றுவது எளிது, இறக்குவதற்கு ஒரு மணி நேரமாகும். வால்வைத் திருகிய பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் மறுபடி திருகக் கூடாது. புகை வெள்ளையிலிருந்து மெல்லியதாக மாறியதும் இறைச்சியை வைக்கலாம்.

மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். திறந்தால் இறைச்சிச் சூடு போகும், நெருப்புக்கு ஒரே நேரத்தில் ஏராளமான காற்று கிடைத்துக் கரி முழுவதும் பற்றிக்கொள்ளும். வீட்டில் யாராவது ஒரு மாமா வந்து 'சும்மா ஒரு எட்டு பாத்துக்கிடட்டே' என்று மூடியில் கைவைப்பார். அவருக்குச் சாயா கொடுத்து உட்கார வையுங்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் இருப்பவர்களுக்கு வேறு ஒரு தொல்லை. காற்றாலை நிறுத்தியிருக்கிற ஊரில் ஆடிக்காற்று கீழ்த்துளையில் நேராகப் புகுந்தால் வால்வு பாதி மூடியிருந்தும் நெருப்பு எழும். நான்கு வரிசைச் செங்கலை அரைவட்டமாக அடுக்கி டிரம்முக்குக் காற்று மறைப்பு வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே, விளவங்கோடு தாலுகாவில் மரநிழலில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு, மழைதான் சிக்கல்.

எங்கிருந்தாலும் திறந்த வெளியில்தான். கார் ஷெட், மூடிய வராந்தா, ஓலைக்கூரை எதுவும் வேண்டாம். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய இடத்தில் ஆளைக் கொல்லும். 'புகையே வரவில்லை, கனல்தானே இருக்கிறது' என்று டிரம்மை உள்ளே தள்ளுவது இன்னும் ஆபத்து.

என்ன வைக்கலாம்

முதலில் கோழித்தொடை. விலை குறைவு, கெட்டால் பெரிய நஷ்டமில்லை, கொஞ்சம் அதிகம் வெந்தாலும் உலராது. கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் உப்பு, இடித்த நல்லமிளகு, வெள்ளைப்பூண்டு, கொஞ்சம் கருப்பட்டித் தூள். தடவி ராத்திரி பிரிட்ஜில் மூடாமல் வையுங்கள். தோல் காய்ந்தால் புகை நன்றாகப் பிடிக்கும். கருப்பட்டி 130 டிகிரியில் கருகாது, நிறம் மட்டும் கொடுக்கும். கோழிக்குச் சூட்டை 135 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே போனால் தோல் ரப்பர் மாதிரி இழுபடும். இரண்டு மணி நேரம் போல ஆகும். ஆனால் நேரத்தை நம்பாதீர்கள். எலும்பில் படாமல் தடித்த இடத்தில் குத்திப் பார்த்து 74 டிகிரி காட்டினால் எடுக்கலாம். தொடை 80 வரை போனாலும் நன்றாகத்தான் இருக்கும்.

கை பழகிய பிறகு இரண்டு கிலோ பன்றித் தோள். 115 முதல் 120 டிகிரியில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். இங்கே ஒரு வேடிக்கை நடக்கும். உட்சூடு 65, 70 டிகிரிக்கு மளமளவென்று ஏறி, அங்கேயே நின்றுவிடும். ஒரு மணி நேரம், சிலபோது இரண்டு மணி நேரம் முள் அசையாது. நெருப்பு போய்விட்டதோ என்று பதறி வால்வைத் திறப்பார்கள். நெருப்பில் ஒரு குறையும் இருக்காது. இறைச்சியிலிருந்து வெளியேறும் ஈரம் மேற்பரப்பில் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வரும் சூடும் போகும் சூடும் சமமாக நிற்கிற நேரம் அது. காத்திருந்தால் தானாகத் தாண்டும். பொறுமை இல்லையென்றால் வாட்டிய வாழையிலையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாளைப் போட்டு இறுக்கிவிடுங்கள். ஆவி போக வழியில்லாமல் சூடு ஏறும். அதற்குள் தேவையான புகையை இறைச்சி வாங்கியிருக்கும். 92, 93 டிகிரியில் எடுத்து, சுற்றியபடியே முக்கால் மணி நேரம் வைத்திருந்து பிய்த்தால், பக்கத்தில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் இருந்தால் போதும்.

அறுக்கும்போது ஓரத்தில் ரோஸ் நிறமாக இருப்பதைப் பார்த்து 'வேகல்லியே' என்று யாராவது தட்டைத் தள்ளினால், அது வேகாத நிறம் இல்லை என்று சொல்லுங்கள். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசையின் நிறப்பொருளோடு சேர்ந்து வரும் நிறம் அது. சந்தேகம் இருந்தால் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள்.

மீன் என்றால் நெய்மீன், சூரை. தோலோடு துண்டுபோட்டு, உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்து, துடைத்து, பிரிட்ஜில் மேற்புறம் பசைபிடிக்கிற அளவுக்குக் காயவிட்டு, குறைந்த சூட்டில் 63 டிகிரி உட்சூடு வரும்வரை. சூரையைக் கரையிலிருந்து வீடு வரும்வரை ஐஸில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமைன் சேர்ந்துவிடும், எந்தப் புகையும் சூடும் அதை அழிக்காது. சூடே இல்லாமல் 30 டிகிரிக்குக் கீழே புகை மட்டும் காட்டும் 'கோல்ட் ஸ்மோக்கிங்' என்ற முறையும் ஒன்று உண்டு. அதற்கு வேறு பக்குவம், வேறு உப்பு. நம் ஊர் நிழலே 30 டிகிரிக்கு மேல் நிற்கிற நாட்கள்தான் அதிகம். தொடங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வேலை முடிந்ததும் கீழ்த்துளை மூன்றையும் மூடி, மேல்குழாயிலும் ஒரு சிரட்டையைக் கவிழ்த்துவிடுங்கள். மூச்சு கிடைக்காமல் கரி அணைந்துவிடும். மிஞ்சியதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். அணைந்த மாதிரி தெரியும் சாம்பலுக்குள் மறுநாள்கூடக் கனல் இருக்கும், அதனால் நன்றாக ஆறின பிறகே தோட்டத்தில் கொட்டுங்கள். கொட்டாமல் விட்டாலும் தப்பு. குளச்சல், மணவாளக்குறிச்சி மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்றின் ஈரத்தை அந்தச் சாம்பல் இழுத்து வைத்துக்கொண்டு, டிரம்மின் அடித்தகட்டைத்தான் முதலில் அரிக்கும்.